ரத்தத்தில் எழுதிய விதியா? இருமுனை மனநோய், குடும்ப வரலாறு, உயிர் காக்கும் வழிகள்

(குளச்சலில் மீனவக் குடும்பங்களுடன் நடந்த கூட்டத்தில் அரசு மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு தாய் கேட்ட கேள்வியைப் பற்றி. ஒரே ஒரு தாய் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கடலோரத்து அம்மாமார் பலர் பல விதமாகக் கேட்டதை, ஒருவர் கேட்டதாகச் சேர்த்துச் சொல்கிறேன். யாருடைய அடையாளமும் இதில் கிடையாது.

அவருடைய வீட்டுக்காரர் படகுக்குப் போகிறவர். பத்து வருஷமாக இருமுனை மனநோய்க்கு, அதாவது பைபோலார் நோய்க்கு, மாத்திரை எடுக்கிறார். வீட்டுக்காரரின் அப்பா, பல வருஷத்துக்கு முன்னால் தற்கொலையால் இறந்தவர். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். அம்மா என் முன்னால் உட்கார்ந்து, சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "டாக்டரே, இது எங்க வீட்டு ரத்தத்துல கெடக்கா? எம் மொவளுக்கும் வருமா? அவளும் அவ தாத்தா மாதிரி..." அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் நாம் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள். கடைசியில் அந்த அம்மாவிடம்தான் வந்து சேருவோம்.

இருமுனை மனநோய் என்றால் என்ன?

பேரிலேயே இருக்கிறது. இரண்டு முனை. ஒரு முனையில் மிகை எழுச்சி. தூக்கமே வேண்டாம், ஆனால் களைப்பு இல்லை. பேச்சு நிற்காது. கையில் இருக்கிற காசெல்லாம் செலவாகும், கடன் வாங்கிக்கூட செலவாகும். "நான் அடுத்த வருஷம் அஞ்சு விசைப்படகு வாங்கப் போறேன்" என்பார். தடுத்தால் கோபம் வரும். இது வாரக்கணக்கில் நீடிக்கும். இன்னொரு முனையில் ஆழ்ந்த மனச்சோர்வு. எழுந்திருக்க முடியாது, சாப்பாடு இறங்காது, "என்னால எல்லாருக்கும் தொந்தரவு" என்ற எண்ணம். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சாதாரணமாகவும் இருப்பார்கள். வேலை செய்வார்கள், பிள்ளைகளைப் படிக்க வைப்பார்கள்.

காலையில் சந்தோஷம், சாயங்காலம் துக்கம் என்று மாறுவது இந்த நோய் அல்ல. அது நம் எல்லாருக்கும் உள்ளதுதான்.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலமாக இடம்பெற்றது. அந்த ஆய்வின்படி, வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த நோய் வந்தவர்கள் 200 பேருக்கு ஒருவர். கேட்கச் சிறிய எண். ஆனால் இந்த ஊரின் ஒரு பெரிய தெருவை எடுத்துக்கொண்டால், அங்கே ஒருவராவது இருப்பார் என்று அர்த்தம். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இந்த நோயில் உயிருக்கு ஆபத்து உண்டு. பொது மக்களோடு ஒப்பிட்டால், இருமுனை மனநோய் உள்ளவர்களிடம் தற்கொலை ஆபத்து 10 முதல் 30 மடங்கு வரை கூடுதல் என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாரடைப்பு ஆபத்து உள்ளவரிடம் உப்பைக் குறை என்று சொல்வதுபோல, ஆபத்து தெரிந்தால்தான் தடுக்க முடியும். தடுக்கவும் முடியும்.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால்?

இனி அந்த அம்மாவின் முதல் கேள்வி. "ரத்தத்துல கெடக்கா?"

கொஞ்சம் உண்டு. மறைப்பதில் பயன் இல்லை. பொதுவாக நூற்றுக்கு ஒருவர் அளவில் வரும் நோய், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம். இதையே திருப்பிப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு, அதற்கும் மேலே, வராது.

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களைப் பாருங்கள். இருவருக்கும் மரபணு எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அப்படியானால் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் கட்டாயம் வர வேண்டும் அல்லவா? வருவதில்லை. 40 முதல் 70 சதவீதம் இரட்டையரில்தான் இருவருக்கும் வருகிறது. மீதிப் பேரில் ஒருவருக்கு வந்தும் மற்றவர் நன்றாக இருக்கிறார். மரபணு ஒன்றாக இருந்தும் வாழ்க்கை வேறாகிறது. நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த "ஏதோ ஒன்றை"த் தேடும் துறைதான் எபிஜெனிடிக்ஸ். தமிழில் மேல்மரபியல் என்று சொல்லலாம். 1942இல் கான்ராட் வாடிங்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் வைத்த பெயர் அது.

உங்கள் போனில் இருக்கும் மியூட்

எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் வாட்ஸ்அப்பில் முப்பது குரூப் இருக்கும். சொந்தக்காரர் குரூப், பங்கு குரூப், படகு குரூப், பிள்ளையின் பள்ளிக்கூட குரூப். சிலதை மியூட் பண்ணி வைத்திருப்பீர்கள். மியூட் பண்ணினால் குரூப் அழிந்துவிடுமா? இல்லை. உள்ளே செய்தி எல்லாம் அப்படியே இருக்கும். சத்தம் மட்டும் வராது. வேண்டும்போது மறுபடி எடுத்துவிடலாம்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. கண்ணில் இருப்பதும் கல்லீரலில் இருப்பதும் ஒரே தொகுப்பு. ஆனால் கண்ணில் சிலது பேசும், கல்லீரலில் வேறு சிலது பேசும். மற்றவை மியூட். இந்த மியூட் போடும் வேலையைச் செய்வதில் முக்கியமானது மெத்தில் என்ற சின்ன வேதி முத்திரை. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அது மரபணுவின் தொடக்க இடத்தில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த மரபணுவின் சத்தம் குறையும். எழுத்து மாறவில்லை. வாசிக்கப்படுவது மாறுகிறது.

நாம் சாப்பிடுவது, பட்டினி, நோய், பயம், பாசம் எல்லாம் இந்த முத்திரைகளை மாற்றக்கூடும் என்பதுதான் கடந்த சில பத்தாண்டுகளில் தெரியவந்த புதுச் செய்தி.

டச்சுக்காரரும் பஞ்சமும்

குளச்சல்காரருக்கு டச்சுக்காரரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டாம். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களைத் தோற்கடித்தது இந்தக் கடற்கரையில்தான். வெற்றித் தூண் இன்னும் நிற்கிறது. அதே டச்சு நாட்டுக்கு இருநூறு வருஷம் கழித்து ஒரு கொடிய காலம் வந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. ஜெர்மானிய நாஜிப் படை உணவு வரும் வழியை அடைத்தது. 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது சில பெண்கள் கர்ப்பிணிகள்.

அந்தப் பஞ்ச காலத்தில் கருத்தரித்துப் பிறந்தவர்களை ஏறத்தாழ 60 ஆண்டு கழித்து, அவர்களின் கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில், பஞ்ச காலத்துக்காரர்களிடம் மெத்தில் முத்திரை குறைவு. தாயின் வயிற்றில் பட்ட பட்டினியின் சுவடு, அறுபது வயதிலும் உடம்பில் இருந்தது.

கேட்டதும் நமக்குப் பயம் வருகிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை இந்த ஊரில் நடந்ததை நினைக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் ஏறி வந்து, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே காலையில் கொண்டுபோனது. அப்புறம் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. கடலுக்குப் போனவர் வருவாரா என்று கரையில் நாள்கணக்காகக் காத்திருந்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். "அப்போ நம்ம உடம்பிலும் சுவடு விழுந்திருக்குமோ? நம்ம பிள்ளைகள் கதி?" என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

அதற்குப் பதில், அந்த சுனாமி வந்த 2004இலேயே வெளியான வேறொரு ஆய்வில் இருக்கிறது.

எலி அம்மாவின் பாசம்

கனடாவின் மாண்ட்ரியலில் மைக்கேல் மீனி, மோஷே சிஃப் என்ற இருவரின் குழு எலிகளைப் பார்த்தது. சில தாய் எலிகள் குட்டிகளை நிறைய நக்கிக் கொடுக்கும். சில அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நக்கி வளர்த்த குட்டிகள் பெரிதானதும் பயப்பட்டாலும் சீக்கிரம் அமைதியாகும். மற்ற குட்டிகள் பதறிக்கொண்டே இருக்கும். மூளையில், பதற்ற ஹார்மோனான கார்டிசாலுக்கு பிரேக் போட உதவும் ஒரு மரபணு உண்டு. பாசம் கிடைக்காத குட்டிகளில் அந்த மரபணு மியூட் ஆகியிருந்தது.

முக்கியமான பகுதி இனிமேல்தான். கண்டுகொள்ளாத தாய்க்குப் பிறந்த குட்டியை, பிறந்த உடனே பாசமான தாயிடம் விட்டார்கள். மியூட் போகவில்லை, பிரேக் வேலை செய்தது. பெற்ற வயிறு எதுவானாலும் வளர்த்த மடி முத்திரையை மாற்றியது. வளர்ந்த பிறகும், மருந்து கொடுத்து அந்த மியூட்டை எடுக்க முடிந்தது.

அதே குழுவினர் 2009இல் மனித மூளைகளைப் பார்த்தார்கள். தற்கொலையால் இறந்து, சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் 12 பேர். தற்கொலையால் இறந்தும் சிறு வயதுக் கொடுமை இல்லாதவர்கள் 12 பேர். வேறு காரணத்தால் இறந்தவர்கள் 12 பேர். அதே பிரேக் மரபணு முதல் 12 பேரிடம் கூடுதலாக மியூட் ஆகியிருந்தது. இரண்டாவது 12 பேரிடம் அப்படி இல்லை, மற்றவர்களைப் போலவே இருந்தது.

இதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். அது தற்கொலையின் முத்திரை அல்ல. சிறு வயதில் பட்ட அடியின் முத்திரை. "தற்கொலை மரபணு" என்று ஒன்று கண்டுபிடித்துவிட்டதாக எங்காவது படித்தால் நம்பாதீர்கள். பிள்ளையை அடித்து, அவமானப்படுத்தி வளர்ப்பது மூளையில் பதிகிறது. அரவணைத்து வளர்ப்பதும் பதிகிறது. அதுதான் அந்த ஆய்வு நமக்குச் சொல்வது. நோய் உள்ள குடும்பத்தில் இரண்டாவது இன்னும் முக்கியம்.

சுனாமியைப் பார்த்த எல்லாருக்கும் மனநோய் வரவில்லை. பலருக்கு அதன் பிறகு தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. பாட்டி இருந்தார், பக்கத்து வீடு இருந்தது, பங்குச் சமூகம் இருந்தது. தாங்கிப் பிடித்ததும் கணக்கில் சேரும்.

ரத்தப் பரிசோதனை உண்டா?

"அப்படின்னா ஒரு டெஸ்ட் எடுத்து ஆபத்து இருக்கான்னு பாத்திரலாமே?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள்.

2014இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, எஸ்கேஏ2 என்ற மரபணுவின் மெத்தில் முத்திரையை ரத்தத்தில் பார்த்து தற்கொலை ஆபத்தைக் கணிக்கலாம் என்று அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தி ஆனது. சிறு குழுக்களில் கிடைத்த முடிவு அது. பத்து ஆண்டுக்கு மேல் ஆகியும் அது எந்த மருத்துவமனையிலும் வழக்கமான பரிசோதனை ஆகவில்லை. ரத்தத்தில் இருக்கும் முத்திரையும் மூளையில் இருக்கும் முத்திரையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பது ஒரு காரணம். வயது, புகை, குடி, சாப்பிடும் மருந்து எல்லாமே முத்திரையை மாற்றும் என்பது இன்னொன்று.

ஆகையால், "உங்கள் பிள்ளைக்கு மனநோய் வருமா என்று எச்சில் எடுத்துச் சொல்கிறோம், இத்தனை ஆயிரம் கொடுங்கள்" என்று யாராவது ஆன்லைனில் விளம்பரம் போட்டால், அந்தப் பணத்தை வீட்டில் வையுங்கள். கல்யாணப் பேச்சில் அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கேட்பவருக்கும் இதையே சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் நல்ல ஆராய்ச்சி நடக்கிறது. ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு நோய் உள்ள வீடுகளை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வருஷக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். பெங்களூரின் மற்ற அறிவியல் நிறுவனங்களோடு சேர்ந்து, அவர்களின் ரத்தத்திலிருந்து குருத்தணுக்களை உருவாக்கி, அதிலிருந்து நரம்பணுக்களை வளர்த்து ஆராய்கிறார்கள். லித்தியம் மருந்து சிலருக்கு மிக நன்றாகவும் சிலருக்குக் குறைவாகவும் வேலை செய்வது ஏன் என்பதும் அவர்கள் தேடும் கேள்விகளில் ஒன்று. நாளைக்குப் பலன் வரும். இன்றைக்கு நம் கையில் இருப்பது வேறு. அது மருந்து, தூக்கம், கவனம், ஒரு போன் நம்பர்.

மருந்து: கடலுக்குப் போகிறவர்கள் கவனிக்க

1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், லித்தியம் என்ற உப்பு மிகை எழுச்சியை அடக்குவதைக் கண்டார். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த நோய்க்கு அதுதான் முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, மனநிலை நோய்கள் உள்ளவர்களிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிடும்போது லித்தியம் தற்கொலை மரணங்களைப் பாதிக்கும் மேலே குறைக்கிறது. எந்த ரத்தப் பரிசோதனையும் செய்ய முடியாததை இந்த விலை குறைந்த மாத்திரை செய்கிறது.

ஆனால் இது கண்காணித்துச் சாப்பிட வேண்டிய மருந்து. ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். நம் ஊருக்கென்று நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று: வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். படகில் போகும்போது தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போங்கள். உப்பைத் திடீரென்று அறவே நிறுத்தாதீர்கள்.

இரண்டு: வலை இழுத்த உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் லித்தியத்தை ஏற்றிவிடும். "நான் லித்தியம் சாப்பிடுறேன்" என்று கடையில் சொல்லுங்கள்.

மூன்று: வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் அதிகமாவது, தள்ளாட்டம், பேச்சு குழறுவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. நடுக்கடலில் இருந்தால் கரைக்குத் திரும்ப வேண்டிய விஷயம் இது.

நான்கு: தூக்கம். ராத்திரி முழுக்க விழித்திருப்பது இந்த நோய் உள்ளவருக்கு மிகை எழுச்சியைத் தூண்டும். பல நாள் தங்கும் விசைப்படகு வேலையா, தினம் வீடு வரும் வேலையா என்று மருத்துவரிடம் சொல்லி முடிவெடுங்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதம் நம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. அந்தக் காலத்தில் வருமானமும் குறைகிறது, குடியும் கூடுகிறது. வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய மாதங்கள் அவை.

வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்தும் இந்த நோய்க்குக் கொடுக்கிறோம். அது மரபணு முத்திரைகளின் மீதே வேலை செய்யக்கூடியது என்று 2001இல் தெரியவந்தது. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து எல்லா மாத்திரையையும் தூக்கி எறியாதீர்கள். முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.

"இப்போ நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோயும் திரும்பும், தற்கொலை ஆபத்தும் ஏறும். நல்லா இருப்பது மாத்திரையால்தான்.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சர்ச்சுக்குப் போங்கள், பள்ளிவாசலுக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள். ஆனால் மாத்திரையையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். சங்கிலியில் கட்டி வைக்கும் எந்த இடத்துக்கும் நம் ஆளை அனுப்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது.

எப்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

இந்த நோயில் உயிர் ஆபத்து எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கூடும் காலங்கள் உண்டு. நோய் தொடங்கிய முதல் சில வருஷங்கள். மனச்சோர்வு முனையில் இருக்கும்போது. சோர்வும் பதற்றமும் ஒரே நேரத்தில் கலந்து வரும்போது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள். மருந்தை நிறுத்தியபோது. குடி சேரும்போது. குடும்பத்தில் முன்பு ஒருவர் அப்படி இறந்திருந்தால், அல்லது அவரே முன்பு முயன்றிருந்தால்.

அறிகுறிகள்: "நான் இல்லன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க" என்ற பேச்சு. விடைபெறுவதுபோல் மெசேஜ், ஸ்டேட்டஸ். பிரியமான பொருட்களைக் கொடுத்துவிடுவது. பல நாள் துயரத்துக்குப் பிறகு காரணமில்லாத திடீர் அமைதி.

அப்போது செய்ய வேண்டியது நான்கு.

முதலில், நேராகக் கேளுங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா மக்களே?" என்று கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே புகுத்தியது ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டதே பலருக்குப் பாரம் இறங்கியதுபோல் இருக்கும்.

இரண்டாவது, காது கொடுங்கள். "பிள்ளைகள நெனச்சுப் பாரு", "இது பாவம்" என்று புத்தி சொல்லும் நேரம் அது அல்ல.

மூன்றாவது, தனியே விடாதீர்கள். வீட்டில் ஆபத்து தரக்கூடிய பொருட்களை அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளைப் பூட்டி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வேறொருவர் எடுத்துக் கொடுங்கள். அந்த எண்ணம் அலை மாதிரி வரும், அலை மாதிரி இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிட்டால் பல உயிர் தப்பும்.

நான்காவது, போனை எடுங்கள்.

உங்கள் போனில் இப்போதே சேமியுங்கள்

14416: டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும், தமிழில், கட்டணம் இல்லாமல். நோயாளி மட்டுமல்ல, வீட்டாரும் கூப்பிடலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றாலும் பேசலாம். 1800 891 4416 என்ற எண்ணும் இதே சேவைதான். 2024இல் டெலி மானஸ் செயலியும் வந்துவிட்டது.

104: தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண். மனநல ஆலோசனையும் உண்டு.

108: உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் யோசிக்காமல் இதுதான்.

044 - 24640050: சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்.

நேரில் பார்க்க வேண்டுமானால், ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று குளச்சல் அரசு மருத்துவமனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அரசு மருத்துவமனைகளில் மருந்துக்குப் பணம் இல்லை.

சட்டத்தைப் பற்றி மூன்று வரி. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநல சிகிச்சை பெறுவது நம் உரிமை என்கிறது அது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே சட்டம் கருதும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. எனவே "கேஸ் ஆகிடும்" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் இருக்காதீர்கள். அந்தப் பயத்தில் போன நேரம் உயிரைக் கொண்டுபோகும். உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நோயால் நீண்டகால இயலாமை ஏற்பட்டிருந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ் தனித்துவ அடையாள அட்டைக்கு உங்கள் போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

அந்த அம்மாவுக்குச் சொன்னது

இனி அந்த அம்மாவிடம் வருவோம்.

நான் அவரிடம் சொன்னது இதுதான். "அம்மா, ரத்தத்துல கொஞ்சம் இருக்கலாம். ஆனா ரத்தம் மட்டும் எதையும் முடிவு பண்ணாது. உங்க மகளுக்கு வராம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒருவேளை வந்தாலும், அவ தாத்தா காலத்துல இல்லாத மருந்தும் ஆளும் இப்ப உண்டு. அவ தூக்கம் குறைஞ்சா, பேச்சு மாறினா, முதல் வாரமே கூட்டிட்டு வாங்க. வேற ஒண்ணும் செய்யணும். வீட்டுல தாத்தாவப் பத்திப் பேசுங்க. ஒளிச்சு வச்சா அந்தப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வரும்போது சொல்ல வாய் வராது."

அடுத்த தடவை வந்தபோது வீட்டுக்காரரும் கூட வந்தார். வீட்டில் பேசியிருக்கிறார்கள். மகள் அப்பாவிடம் நேராகவே கேட்டாளாம்: "அப்பா, உங்களுக்கு எப்பவாவது அப்படித் தோணிச்சா?" அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு தடவ தோணிச்சு மக்களே" என்று சொன்னாராம். "இனி தோணினா என்னையக் கூப்பிடுங்கப்பா" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்பாவின் போனை வாங்கி, 14416ஐச் சேமித்து, மேலே தன் நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அந்த வீட்டில் மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் தாத்தா காலத்தில் யாரும் கேட்காத கேள்வியை ஒரு பேத்தி கேட்டுவிட்டாள்.

இந்தக் கூட்டம் முடிந்து எழுந்திருப்பதற்கு முன்னால், இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் நீங்களும், அந்த ஒரு எண்ணைச் சேமித்துவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம். உங்களுக்கே இப்போது மனம் பாரமாக இருந்தால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இப்போதே கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் பேச ஆள் இருக்கிறார்.